அம்மாவுக்கு மனச்சோர்வு மாத்திரையும் நெஞ்செரிச்சல் மாத்திரையும் ஒன்றாகத் தரலாமா?

தோப்புவீடு, வேலந்தாவளம்
திங்கள் காலை 6.10

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயசு. அப்பா போன பிறகு சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பாலக்காட்டில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். எசிட்டலோபிராம் 10 மில்லிகிராம், இரவில் ஒன்று. எட்டு மாதம் ஆகிறது. இப்போது மறுபடியும் கோழிக்குத் தீனி போடுகிறார், பேத்திக்குத் தலை பின்னிவிடுகிறார். அந்த மருந்து எங்கள் அம்மாவைத் திருப்பிக் கொடுத்தது என்றே சொல்வேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் நெஞ்செரிச்சலும் புளிச்ச ஏப்பமும் ஆரம்பித்தன. தம்பி கோவையில் இருப்பதால் அங்கே ஒரு பொது மருத்துவரிடம் காட்டினான். கேஸுக்கு ஒரு காப்ஸ்யூல், 15 நாளுக்கு எழுதினார். நன்றாகக் கேட்டது. சீட்டில் எழுதிய நாள் முடிந்த பிறகும் நாங்களே கடையில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்று வாரமாக எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்கிறார். நெஞ்சு திடீரென்று படபடவென்று அடித்துக்கொள்கிறதாம். நேற்று குளியலறை வாசலில் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். பாலக்காட்டு டாக்டருக்குக் கேஸ் மாத்திரை பற்றித் தெரியாது. கோவை டாக்டரிடம் மனசு மாத்திரை பற்றித் தம்பி சொல்லவில்லை, அம்மாதான் சொல்ல வேண்டாம் என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் எங்கள் ஊர் செக்போஸ்ட் இருக்கிறது. இரண்டு மாத்திரையையும் இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதுமா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூலத்தறை
திங்கள் காலை 7.25

எனக்கும் இதே கதைதான் சகோதரி. போன வருஷம் மனசுக்கு மருந்து ஆரம்பித்ததும் முதல் வாரமே குமட்டல், வயிற்றைப் பிசைவது போல ஒரு வலி. இருந்தும் ஆறு மாதம் சாப்பிட்டேன். அப்புறம் நானே நிறுத்திவிட்டேன், வயிறு சரியாகிவிட்டது. அம்மாவுக்கும் அதை நிறுத்திப் பாருங்கள். கேஸ் மாத்திரை ஊரே சாப்பிடுவதுதான், அதனால் ஒன்றும் வராது.

மருந்துக்கடை, கொழிஞ்சாம்பாறை
திங்கள் காலை 8.40

தங்கச்சி, தயவுசெய்து எசிட்டலோபிராமைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். கடை திறக்கும் நேரம், ஆனாலும் இதை எழுதிவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குகிறேன்.

முதலில் ஒன்று பாருங்கள். அந்தக் கேஸ் காப்ஸ்யூல் அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அது எனக்கு வேண்டாம். பெயருக்குப் பின்னால் 'டி' என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கிறதா? அதையும் சொல்லுங்கள். அம்மா வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? மூட்டு வலி, பிரஷர், தைராய்டு, எதையும் விடாமல் எழுதுங்கள்.

படபடப்பும் தலைச்சுற்றலும் இருப்பதால் இன்றே ஒரு ஈசிஜி எடுத்துவிடுவது நல்லது. நாளைக்கு என்று தள்ள வேண்டாம். மயக்கம் போட்டு விழுந்தால் ஒரு கணமும் காத்திருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தோப்புவீடு, வேலந்தாவளம்
திங்கள் காலை 9.05

அண்ணா, பார்த்துவிட்டேன். ஓமெபிரசோல் 20, டோம்பெரிடோன் 30. ஆமாம், பெயரின் கடைசியில் 'டி' இருக்கிறது. மூட்டு வலிக்கு அசெக்ளோஃபெனாக் வாரத்தில் நாலைந்து நாள் போடுகிறார். பிரஷருக்கு ஒரு மாத்திரை உண்டு, டப்பாவில் கொட்டி வைத்திருப்பதால் பெயர் தெரியவில்லை, தேடிச் சொல்கிறேன். தம்பி வண்டியோடு வருகிறான், மதியம் பாலக்காடு போகிறோம்.

மருந்துக்கடை, கொழிஞ்சாம்பாறை
திங்கள் பகல் 11.30

போகிறீர்கள் என்பதே நிம்மதி. டப்பா, அட்டை, பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கூட்டம் குறைந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே நிலையில் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. எங்கள் கடைக்கு ஒரே நாளில் பாலக்காட்டுச் சீட்டும் வரும், பொள்ளாச்சிச் சீட்டும் வரும், இரண்டும் ஒரே ஆளுடையது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இடைவெளி விட்டால் போதுமா என்று கேட்டீர்கள். பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஜெலுசில், டைஜீன் மாதிரி குடிக்கிற மருந்துக்கு இடைவெளி பொருந்தும். அவை வயிற்றுக்குள்ளேயே அமிலத்தை மட்டுப்படுத்துகின்றன. அவற்றில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின் போன்றவற்றை உடம்பு சரியாக உறிஞ்ச விடாது. அங்கே நேரத்தைத் தள்ளி வைத்தால் வேலை முடிந்தது. தைராய்டுக்கு மட்டும் நாலு மணி நேரம் வேண்டும்.

ஓமெபிரசோல் அப்படியில்லை, அதன் சிக்கல் ஈரலில் இருக்கிறது. எசிட்டலோபிராமை உடைத்து வெளியேற்றுவதற்கு ஈரலில் முக்கியமாக ஒரு நொதி உண்டு, அதன் பெயர் சிஒய்பி2சி19. ஓமெபிரசோலும் எசோமெபிரசோலும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பிரித்தாலும் பிடி விடாது. அதனால் சாப்பிடுவது 10 மில்லிகிராம் என்றாலும் ரத்தத்தில் அதற்கு மேல் சேர்ந்துவிடும். ஓமெபிரசோல் 30 மில்லிகிராமோடு எசிட்டலோபிராமின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது என்று அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே போட்டிருக்கிறது. 2015-ல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில் அதைவிட அதிகம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே ஆய்வில் பான்டோபிரசோல் என்ற இன்னொரு கேஸ் மாத்திரையோடு சாப்பிட்டவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருந்தது. பழைய கேஸ் மாத்திரையான சிமெடிடினும் ஓமெபிரசோலைப் போலத்தான், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மனச்சோர்வு மருந்துகளைக்கூட ஏற்றிவிடும். ஃபேமோடிடின் என்ற கேஸ் மாத்திரை இந்த வம்புக்கு வராது, சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மட்டும் அளவைக் குறைக்க வேண்டும்.

இன்னொன்றும் நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாதவர்கள் உண்டு. ஐரோப்பியர்களைவிட நம்மில் அவர்கள் அதிகம். புதுச்சேரி ஜிப்மரில் தமிழர்களிடம் பார்த்தபோது பத்தில் ஒருவருக்கும் மேல் அப்படி இருந்தார்கள். ஒரே மாத்திரை பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொள்வதும் நமக்கு ஒத்துக்கொள்ளாததும் சில நேரம் இதனால்தான்.

அடுத்தது அந்த 'டி'. என் கவலை முழுக்க அதில்தான். டோம்பெரிடோன் வாந்தியையும் வயிற்று உப்புசத்தையும் குறைக்கும். கூடவே ஈசிஜியில் க்யூடி என்று ஒன்று பார்ப்பார்கள், இதயம் ஒருமுறை துடித்து அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரம், அதை நீட்டவும் செய்யும். எசிட்டலோபிராமும் அதையே நீட்டும். ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்தால் துடிப்பின் தாளம் தப்பலாம். ஐரோப்பிய மருந்து ஆணையம் 2014-லேயே டோம்பெரிடோனை நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், க்யூடியை நீட்டும் மற்ற மருந்தோடு சேர்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இங்கே அது காபிப்பொடி வாங்குவது மாதிரி மாதக்கணக்கில் போகிறது. சீட்டு இல்லாமல் கேட்பவர்களிடம் நான் 'டி' இல்லாததை வாங்கச் சொன்னால், அது கேட்காது என்று கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

வயசையும் கணக்கில் எடுங்கள். எசிட்டலோபிராம் 65 வயதுக்கு மேல் நாளைக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று 2011-ல் பிரிட்டனில் எச்சரித்தார்கள். அதன் அண்ணன் மாதிரியான சிட்டலோபிராமுக்கு அமெரிக்காவில் 2012-ல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், அந்த நொதியைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் 20 மில்லிகிராம்தான் உச்சம் என்று வைத்தார்கள். எசிட்டலோபிராம் 10 சாப்பிடும் அம்மா ஏற்கெனவே அதன் உச்சத்தில் இருக்கிறார், ஓமெபிரசோல் அதற்கு மேலே தள்ளுகிறது.

அத்திக்கோடு
திங்கள் பகல் 12.15

இவ்வளவு ரசாயனம் வேண்டாமே. எங்கள் பாட்டி வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரப் பொடியைப் பாலில் கலந்து தருவார். சீரகத் தண்ணீர் காய்ச்சி வைத்துக் குடிக்கலாம். கேஸ் மாத்திரையை அடியோடு விட்டுவிடலாம்.

வார்டு நர்ஸ், பொள்ளாச்சி
திங்கள் மாலை 4.50

சீரகத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும். அதிமதுரம் மட்டும் இந்த அம்மாவுக்கு வேண்டாங்க. தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும், ரத்தத்தில் பொட்டாசியத்தை இறக்கும். பொட்டாசியம் குறைந்தால் மருந்துக்கடை அண்ணன் சொன்ன அந்தத் தாளம் இன்னும் சுலபமாகத் தப்பும். பாட்டி காலத்தில் எசிட்டலோபிராம் இல்லை, அதனால் அவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

கேஸ் மாத்திரையை அடியோடு விடுவதும் எல்லாருக்கும் பொருந்தாது. இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எசிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவோக்ஸெடின் வகை மருந்துகள், ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைக் கொஞ்சம் தளர்த்தும். அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் வயிற்றின் உள்தோலை அரிக்கும். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசிய வாய்ப்பு கூடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை ஒரு காவல். வலி மாத்திரையைத் தொடர்ந்துகொண்டு காவலை மட்டும் எடுத்துவிட்டால்தான் ஆபத்து.

எங்கள் வார்டுக்கு வரும் வயசானவர்களிடம் முதலில் நான் கேட்பது மலம் என்ன நிறம் என்றுதான். தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, கெட்ட வாடையோடு போனால் ரத்தம் என்று நினைத்து ஓடி வர வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் சொல்லாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், முகம் வெளுத்துப்போய்த்தான் வருவார்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தலைச்சுற்றலுக்குச் சோடியமும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மருந்துகள் வயசானவர்களுக்கு ரத்தத்தில் உப்பைக் குறைக்கும். சோர்வு, தள்ளாட்டம், பேச்சு குழம்புவது, இதெல்லாம் அதனால் வரலாம். வீட்டில் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள்.

நகரி எல்லை
திங்கள் இரவு 8.20

எங்கள் பக்கத்திலும் இதுதான். சீட்டு பாதி திருத்தணியில், பாதி புத்தூரில். எனக்கு ஒரு சந்தேகம். நான் செர்ட்ராலின் 50 சாப்பிடுகிறேன், கேஸுக்குப் பல வருஷமாக ராணிடிடின். அது இப்போது வேண்டாம் என்கிறார்களே, மனசு மருந்தோடு சேராது என்பதாலா?

மருந்துக்கடை, கொழிஞ்சாம்பாறை
திங்கள் இரவு 9.40

இல்லைங்க, காரணம் வேறு. ராணிடிடினில் என்டிஎம்ஏ என்ற மாசு 2019-ல் கண்டுபிடிக்கப்பட்டது, அது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகம். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-ல் நீக்கிவிட்டார்கள். மற்றபடி செர்ட்ராலினோடு அது பெரிதாக மோதுவதில்லை. ஆனால் பல வருஷம் கேஸ் மாத்திரை தேவைப்படுகிறது என்றால் வயிற்றைப் பார்க்க வேண்டும். எண்டோஸ்கோபி செய்திருக்கிறீர்களா? 50 வயது தாண்டியிருந்தாலோ, எடை குறைந்தாலோ, விழுங்கும்போது சிக்கினாலோ தள்ளிப் போடாதீர்கள்.

செர்ட்ராலினைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், குமட்டல் குறையும்.

தோப்புவீடு, வேலந்தாவளம்
புதன் காலை 7.30

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒரு இரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். அம்மா இப்போது வீட்டில்தான், கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார்.

ஈசிஜியில் க்யூடி 478 வந்தது. பெண்களுக்கு 460 வரை இருந்தால் பரவாயில்லையாம். பொட்டாசியம் 3.4. சோடியம் 127, அது 135-க்கு மேல் இருக்க வேண்டும். நர்ஸ் அக்கா, நீங்கள் எழுதியதைக் காட்டித்தான் கேட்டேன், அவர்களும் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

பிரஷர் மாத்திரையின் அட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தது. அதன் பெயர் 'எச்' என்று முடிகிறது. டெல்மிசார்ட்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைடு, நீர் பிரிக்கிற மருந்து. அதுவும் சோடியத்தை இறக்குமாம், எசிட்டலோபிராமும் இறக்குமாம், இரண்டும் எட்டு மாதமாக ஒன்றாகவே போயிருக்கிறது. நான் இரண்டு மாத்திரையைப் பற்றிக் கேட்க வந்தேன், பார்த்தால் அம்மாவின் உடம்பில் ஆறு மருந்து இருந்திருக்கிறது.

'எச்' இல்லாத பிரஷர் மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள். 'டி' காப்ஸ்யூலை நிறுத்தியாயிற்று. வெறும் பான்டோபிரசோல் 40, காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், நாலு வாரம் மட்டும். மூட்டு வலிக்கு அசெக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமாலும் மேலே பூசுகிற மருந்தும். எசிட்டலோபிராமை மனநல டாக்டர் தொடரச் சொன்னார். ஓமெபிரசோல் போனதால் ரத்தத்தில் அதன் அளவு தானாகக் குறையும், மனசு மறுபடி சோர்ந்தாலோ, அடுத்த வாரம் சோடியம் ஏறாவிட்டாலோ வேறு மருந்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

அம்மாவிடம் காலையில் எழுந்ததும் என்ன சாப்பிடுவீர்கள் என்று டாக்டர் கேட்டார். வெறும் வயிற்றில் பால் விடாத கட்டன் சாயா இரண்டு டம்ளர் என்றார். ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுப்பதையும் நான்தான் சொன்னேன். நாலு மாதமாக யாரும் கேட்காத கேள்வி அது. தலைமாட்டில் கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம்.

மூலத்தறை
புதன் காலை 8.15

சகோதரி, திங்கட்கிழமை நான் எழுதியதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. என் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தால் அம்மா மறுபடியும் அந்தச் சுவர் பக்கம் போயிருப்பார். முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நான் மருந்தை ஒரே நாளில் நிறுத்திய பிறகு தலைக்குள் கரண்ட் அடிப்பது போல, நடந்தால் மிதப்பது போல இரண்டு வாரம் இருந்தது. தூக்கமும் போய்விட்டது. இப்போது சில நாளாகப் பழைய இருட்டு திரும்பி வருகிறது. மிச்சம் இருக்கிற மாத்திரையை மறுபடி போட ஆரம்பிக்கலாமா?

மருந்துக்கடை, கொழிஞ்சாம்பாறை
புதன் காலை 8.50

நீங்கள் இதைச் சொன்னது நல்லது தம்பி. அந்தக் கரண்ட் அடிப்பதும் மிதப்பதும் மருந்தைச் சட்டென்று விட்டதால் வந்தது. படிப்படியாகக் குறைத்திருந்தால் பெரும்பாலும் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். பழைய மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம், எந்த அளவில் தொடங்குவது என்பதை டாக்டர் சொல்லட்டும். இந்த வாரமே போங்கள். முதல் வாரக் குமட்டல் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்தில் அடங்கிவிடும், அதற்கென்று 'டி' வாங்கிப் போட்டுவிடாதீர்கள். வாந்திக்குத் தரும் ஒன்டான்செட்ரானும் க்யூடியை நீட்டும், அதையும் கேட்காமல் போட வேண்டாம்.

ராத்திரியில் மனசு தாங்க முடியாமல் போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லிவிட்டு உடனே கூப்பிடுங்கள். கடைக்கு வந்தாலும் சரி, நான் ஒன்பது மணி வரை இருப்பேன்.

வார்டு நர்ஸ், பொள்ளாச்சி
புதன் மதியம் 2.10

'எல்' என்று முடிகிற கேஸ் மாத்திரையும் உண்டு, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். அதில் லெவோசல்பிரைடு இருக்கும். மாதக்கணக்கில் போட்டு, கை நடுங்கி, நடை சின்னச் சின்னதாகி, பார்க்கின்சன் என்று பயந்து வந்தவர்களை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், பால் சுரக்கும். மனச்சோர்வு மருந்தோடு சேரும்போது நடுக்கம் இன்னும் சீக்கிரம் தெரியலாம்.

தோப்புவீடு, வேலந்தாவளம்
புதன் இரவு 7.45

குறித்துக்கொண்டேன் அக்கா. ஒரு நோட்டுத் தாளில் அம்மாவின் எல்லா மருந்தையும் அளவோடும் வேளையோடும் எழுதி, பர்ஸில் வைத்துவிட்டேன். எசிட்டலோபிராமையும் எழுதினேன். அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மடித்து ஆதார் அட்டைக்குப் பின்னால் சொருகிக்கொண்டார்.

அண்ணா, கடைசியாக ஒரு கேள்வி. நாலு வாரம் கழித்து பான்டோபிரசோலை நிறுத்தும்போது எரிச்சல் திரும்பி வந்தால் என்ன செய்வது? முன்பும் இரண்டு முறை நிறுத்திப் பார்த்தோம், மூன்றாம் நாளே முன்பைவிட மோசமாக எரிந்தது. அதனால்தான் விடாமல் வாங்கினோம்.

மருந்துக்கடை, கொழிஞ்சாம்பாறை
புதன் இரவு 9.15

நீங்கள் சொன்னது நிறையப் பேருக்கு நடக்கிறது. வாரக்கணக்கில் அமிலத்தை அடக்கி வைத்தால், மருந்தை விட்டதும் வயிறு கொஞ்ச நாள் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி தொடங்குவார்கள், அப்படியே வருஷங்கள் ஓடிவிடும். நீண்ட நாள் போட்டால் பி12-ம் மெக்னீசியமும் குறையலாம், மெக்னீசியம் குறைந்தால் மறுபடியும் அதே க்யூடி பிரச்சினைதான்.

டாக்டரிடம் சொல்லி 40-ஐ 20 ஆக்கி, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறங்குங்கள். நடுவில் எரிந்தால் ஜெலுசில் மாதிரி குடிக்கிற மருந்து இரண்டு ஸ்பூன், மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. சோடா உப்பு கலந்த பொடியெல்லாம் வேண்டாம், அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது. இரண்டு வாரம் தாண்டியும் எரிந்தால் எண்டோஸ்கோபி பார்த்துவிடலாம்.

தோப்புவீடு, வேலந்தாவளம்
புதன் இரவு 9.30

சரிங்க அண்ணா. திங்கட்கிழமை சோடியம் பார்க்கிறார்கள், ரிசல்ட் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.